ரோசேரின் கட்டைவிரல்

ரோசேர் மிஷோ கூரை வேயும் மர ஓடு அறுக்கும் மில்லில் முப்பத்தொரு வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றவன். அவன் அறுத்துத் தள்ளுகிற ஓடுகளைப் பொறுக்கி, அகலம் பார்த்து அடுக்கி, கட்டாகக் கட்டுவது என் வேலை. அதில் பத்தொன்பது வருடம் நான் அவனுக்கு எதிரில் நின்றேன். அவன் முகத்தை அவன் மனைவி ஜெர்மேனைவிட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று மில்லில் கேலி செய்வார்கள். அது உண்மையாகத்தான் இருக்கும்.

மில் ஆற்றங்கரையில் இருந்தது. அக்கரை கனடா. சிடார் மரக் கட்டை ரம்பத்துக்கு முன்னால் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவைக்கும் ஓர் ஓடு விழும். விழுகிற ஓட்டை இடது கையால் பிடித்து, ஓரம் சீவுகிற சின்ன ரம்பத்துக்குக் காட்டி, எனக்கு எறிய வேண்டும். நிமிடத்துக்கு முப்பது, நாற்பது. ரோசேர் கையைப் பார்க்கவே மாட்டான். ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே அறுப்பான்.

குட்டையான ஆள். கழுத்து தடிமன். பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவருகே நிற்பான். சனிக்கிழமை மதியம் பாரிஷ் ஹாலில் சீட்டாடுவான். பதின்மூன்று வயதில், உருளைக்கிழங்கு பறிப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வாரம் லீவு விடுவார்களே, அந்த லீவில் சிகரெட் பிடிக்க ஆரம்பித்தான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். மில்லுக்குள் நெருப்புக் கூடாது. சிடார் தூள் பற்றிக்கொள்ளும். அதனால் ரோசேர் பற்ற வைக்காத சிகரெட் ஒன்றை நாள் முழுக்க உதட்டோரத்தில் வைத்திருப்பான். இடைவேளை மணி அடித்ததும் கொதிகலன் அறைக்குப் பின்னால் போய் அதைப் பற்ற வைப்பான். நானும் கூடப் போவேன். ஜெர்மேனும் பிடிப்பவள்தான். ஒரு கோடையில் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றில் போட்ட வெட்டு மூடுவதற்குள் இலை உதிரும் காலம் வந்துவிட்டது. ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. சிலருக்கு அப்படி என்று விட்டுவிட்டோம்.

தொண்ணூற்றாறாம் வருடம், மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கட்டையில் ஒரு முடிச்சு இருந்தது. ரம்பம் அதில் இடித்துக் கட்டை துள்ளியது. அவ்வளவுதான். சத்தம்கூட வித்தியாசமாகக் கேட்கவில்லை. எனக்கு வர வேண்டிய ஓடு வரவில்லையே என்றுதான் நிமிர்ந்தேன்.

ரோசேர் வலது கையால் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தான். ரம்பம் நிற்கும்வரை காத்திருந்தான். உதட்டில் சிகரெட் அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"லியோன்ஸ், என் விரலு அங்க வந்துச்சா பாரு."

பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓடுகளோடு ஓடுகளாக என் மேஜையில் கிடந்தன. நடுவிரலின் நுனி தூளோடு தூளாகப் போய்விட்டது. அதை யாரும் தேடவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதுகிற தெரேஸ் முதலுதவி படித்தவள். அவள் ஓடிவந்து இரண்டு விரல்களையும் ஈரத் துணியில் சுற்றி, ரொட்டிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அந்தப் பையை ஐஸ் நிரப்பிய வாளியில் வைத்தாள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே செய்தாள். ரோசேர் ஒரு ஓட்டுக்கட்டின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாருடைய மதியச் சாப்பாட்டையோ கட்டுகிறார்கள் என்பதுபோல.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் கையைக் கட்டி, சின்ன விமானத்தில் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். வாளியும் கூடவே போனது. ஜெர்மேனை நான் காரில் அழைத்துப் போனேன். ஏழு மணி நேரம். வெளியே பனிக்குவியல்கள் கறுத்துக் கிடந்தன. ஜெர்மேன் ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, ஒன்று முடிய ஒன்று பிடித்துக்கொண்டே வந்தாள். நானும் பிடித்தேன். காரில் வேறு செய்வதற்கு எதுவுமில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பெயர் ஹகோபியன். ஐம்பது வயதுப் பெண், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பத்து மணி நேரம் குனிந்து நின்று இரண்டு விரல்களையும் சேர்த்திருக்கிறார். எலும்புக்குக் கம்பி. நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் தலைமுடியைவிட மெல்லிய நூல். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை எதுவும் இல்லை. குழாய் ரிப்பேர் செய்தவர் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு ரோசேரிடம் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். ஒன்றரை பாக்கெட் என்றான்.

"இனிமே ஒண்ணுகூட கிடையாது. மூணு மாசத்துக்குக் கண்டிப்பா கிடையாது," என்றார் டாக்டர். "இப்ப உங்க விரலுக்கு ரத்தம் போற குழாய் நூல் தடிமன்தான். ஒரு தம் இழுத்தா அது சுருங்கும். நல்ல குழாய்னா திரும்ப விரிஞ்சுக்கும். இது தச்ச குழாய். சுருங்கினா உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

காபியும் கூடாது, சாக்லெட்டும் கூடாது என்றார். அறையை அடுப்படிபோலச் சூடாக வைத்திருந்தார்கள். குளிர் பட்டாலும் குழாய் சுருங்குமாம். ஜெர்மேனையும் என்னையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் இவர் பக்கத்துல பிடிக்கக் கூடாது. பிடிச்சிட்டு அதே கோட்டோட வந்து உக்காரவும் கூடாது," என்றார். நாங்கள் தலையாட்டினோம். ஜெர்மேனின் கோட்டிலிருந்து வந்த வாசனை எனக்கே தெரிந்தது.

முதல் ஐந்து நாள் நன்றாகப் போனது. மோரா என்ற நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து விரல் நகத்தை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பாள். மூன்றாம் நாள் ஆள்காட்டி விரல் நாவல்பழ நிறத்தில் வீங்கியது. ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை என்றார்கள். ஒரு ஜாடியில் அட்டைப் பூச்சிகளைக் கொண்டுவந்து விரலில் விட்டார்கள். அட்டை கடித்து உறிஞ்சியதும் விரல் மறுபடி சிவந்தது. ரோசேர் அதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மோரா அருவருப்பாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "எங்க ஊருல இத வச்சு மீன் பிடிப்போம். என்னைய வச்சு இது என்னத்தப் பிடிக்கப்போவுதோ," என்றான். அந்த ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன வேடிக்கை அது ஒன்றுதான்.

சிகரெட் வேண்டும் என்று அவன் கத்தவில்லை. கேட்கவும் இல்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தை வலது கையால் சுருட்டுவான், பிரிப்பான், மறுபடி சுருட்டுவான். சுருட்டியதை நுனி விரலால் ஒட்டுவதுபோல அழுத்துவான். ஜெர்மேன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போவாள். அரை மணி கழித்து வந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுப்பாள். எங்கே போனாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மேன் பூசைக்குப் போயிருந்தாள். நாள் முழுக்க இந்தச் சூட்டில் கிடந்தால் மனிதன் வெந்துவிடுவான் என்று நான் மோராவிடம் சொன்னேன். சக்கர நாற்காலியில் வைத்து, நடைபாதைக் கோடியில் வெயில் விழுகிற அறைவரை பத்து நிமிடம் அழைத்துப் போகலாம் என்றாள். கையைப் போர்த்திக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினாள். நான் நாற்காலியைத் தள்ளினேன். வெயில் அறை வந்ததும் ரோசேர் லிஃப்டைப் பார்த்தான். நான் நாற்காலியை லிஃப்டுக்குள் தள்ளினேன். அவன் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. இதைப் பிறகு நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

கீழே கார் நிறுத்துமிடம். சுவரோரமாக நிறுத்தினேன். நான் எனக்கு ஒன்று எடுத்தேன்.

"எனக்கும் ஒண்ணு குடு," என்றான் ரோசேர்.

"முடியாது, பெருசு."

"பத்த வைக்க மாட்டேன். மில்லுல வச்சிருப்பேன்ல, அந்த மாதிரி. சும்மா வாயில."

கொடுத்தேன். உதட்டோரத்தில் வைத்துக்கொண்டான். முகம் உடனே பழைய முகமாகிவிட்டது. பிறகு அவன் என்னைப் பார்த்தான். மில்லில் இடைவேளை மணி அடித்ததும் பார்ப்பானே, அந்தப் பார்வை. என் கை தானாகப் போய் லைட்டரைத் தட்டியது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

நாலு இழுப்பு. ஐந்தாவதற்கு முன் அவனே எடுத்துத் தரையில் போட்டான். நான் மிதித்தேன். மேலே போனோம்.

மதியம் மூன்று மணிக்கு மோரா நகத்தை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கட்டைவிரல் நன்றாக இருந்தது. ஆள்காட்டி விரல் வெளுத்துக் கிடந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. அவள் நடந்துதான் போனாள், ஆனால் சீக்கிரமாக நடந்தாள். அன்றே மறுபடி கத்தி வைத்துக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு நாள் என்னென்னவோ மருந்து கொடுத்தார்கள். புதன்கிழமை அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

எடுப்பதற்கு முன் டாக்டர் ஹகோபியன் வந்து கட்டிலருகே நின்று, புகை பிடித்தீர்களா என்று நேராகக் கேட்டார்.

"இல்ல," என்றான் ரோசேர்.

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. ஜெர்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான்," என்றாள். "கார்ல உக்காந்து பிடிச்சிட்டு இந்தக் கோட்டோட வந்து இவனக் கட்டிப் பிடிச்சேன். தினமும். நீங்க அன்னிக்கே சொன்னீங்க."

ஒரு சிகரெட்டால், ஒரு கோட்டால் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரம்பம் கிழித்த குழாய். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட நாற்பது வருடம் தினமும் சுருங்கிப் பழகிய குழாய். எந்தத் தப்பும் நடக்காமலே சில விரல்கள் செத்துப்போகும் என்றும் சொன்னார். ஜெர்மேன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ரோசேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். திறக்கவில்லை. ஏழு மணி நேரம் காரோட்டி ஊர் திரும்பும்போதும் திறக்கவில்லை. ஜெர்மேன் அந்த ஏழு மணி நேரமும் ஒரு சிகரெட்கூடப் பிடிக்கவில்லை. பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரோசேர் வீடு வந்து மூன்றாம் நாள் விறகுக் கொட்டகையில் மறைந்து பிடிக்க ஆரம்பித்தான். முதலில் இரண்டு, மூன்று. மே மாதத்தில் பழையபடி பாக்கெட் ஆகிவிட்டது. ஜெர்மேனுக்குத் தெரியும். ஆனால் அவள் மட்டும் வீட்டுக்குள் பிடிப்பதில்லை. கராஜுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய மேல்சட்டையை மாட்டி வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு பிடிப்பாள். முடிந்ததும் கழற்றி மாட்டிவிட்டு, வெளிக்குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். பனி இருந்தாலும் அதே தண்ணீர்தான்.

கட்டைவிரல் பிழைத்தது. நிறம் இருந்தது, சூடு இருந்தது. உணர்ச்சி மட்டும் இல்லை. ஊசியால் குத்தினால் யாரோ மேஜையைக் குத்துவதுபோலப் பார்ப்பான். கம்பியை எடுத்தபின் ஒருநாள் அடுப்பங்கரையில் நான் உட்கார்ந்திருந்தபோது, "இங்க பாரு," என்று விரலை மேஜையில் வைத்து அழுத்திக் காட்டினான். விரல் மூட்டில்லாத இடத்தில் மடங்கியது. ஜெர்மேன் தோசைக்கல்லில் ப்ளோய் என்கிற எங்கள் ஊர் மாவு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

ஆகஸ்டில் மறுபடி பாஸ்டன் போனோம். டாக்டர் ஹகோபியன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். கட்டைவிரல் எலும்பின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

"அஞ்சு மாசம் ஆச்சு," என்றார். "இந்நேரம் இந்தக் கோட்டுக்குக் குறுக்க வெள்ளையா எலும்பு வளந்திருக்கணும். ஒண்ணுமே வளரல. எவ்வளவு பிடிக்கிறீங்க?"

"இருபது. சில நாள் கூட," என்றான் ரோசேர். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ரோசேர் எழுந்து போயிருப்பான் என்று நினைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். ஒடிந்த எலும்பு சேர வேண்டுமானால் அந்த இடத்துக்குப் புது ரத்தம் போக வேண்டும், அந்த ரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டும். சிகரெட் குழாயைச் சுருக்கி ரத்தத்தைக் குறைக்கிறது. பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் புகையில் இருக்கிற விஷவாயு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எலும்பைக் கட்டுகிற அணுக்களும் மந்தமாகிவிடுகின்றன. கொத்தனாரும் வரவில்லை, செங்கல்லும் வரவில்லை என்றால் சுவர் எப்படி எழும்பும் என்று கேட்டார்.

"உங்க இடுப்பெலும்புல கொஞ்சம் வெட்டி எடுத்து இங்க வைக்கலாம். ஒட்ட வாய்ப்பு இருக்கு. ஆனா நீங்க பிடிச்சிட்டு இருந்தா இதுவும் ஒட்டாது, இடுப்புல போட்ட வெட்டும் லேசுல ஆறாது. ஒரு புண்ணு ரெண்டு புண்ணாகும். அத நான் செய்ய மாட்டேன். ஆறு வாரம் விடுங்க. சிறுநீரச் சோதிப்போம். நிகோடின் இல்லைன்னா கத்தி வைக்கிறேன்."

சிகரெட்டுக்குப் பதிலாகத் தோலில் நிகோடின் பட்டை ஒட்டிக்கொள்ளலாமா என்று ஜெர்மேன் கேட்டாள். சிகரெட்டுக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் இந்த எலும்பு விஷயத்தில் நிகோடினே கூடாது, பட்டையும் வேண்டாம், சூயிங்கமும் வேண்டாம் என்றார் டாக்டர்.

ரோசேர் விட்ட கதையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சத்தியம் செய்யவில்லை. சிகரெட் டப்பாவை ஆற்றில் எறியவில்லை. அது கொட்டகை அலமாரியிலேயே இருந்தது. அவன் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். ஸ்ப்ரூஸ் மரத்துப் பிசினைச் சுரண்டிக்கொண்டு வந்து மென்றான். முதல் இரண்டு வாரம் தூங்கவில்லை என்று ஜெர்மேன் சொன்னாள். சீட்டாட வந்தால் பாதியில் எழுந்து போவான். விரல் போன இடது கையில் சீட்டை விரித்துப் பிடிக்க முடியாதென்று, ஒரு சிடார் துண்டில் நீளமாகப் பள்ளம் வெட்டி, அதில் சீட்டை நிறுத்தி வைத்து ஆடினான். ஹாலில் எல்லோரும் பிடிப்பார்கள். செப்டம்பரில் அதற்கும் வருவதை நிறுத்தினான்.

அந்த மாதம் ஒருநாள் அவன் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்திருந்தோம். கராஜுக்குப் பின்னால் ஜெர்மேன் குழாயைத் திறந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவகிட்ட நான் சொல்லிடறேன், ரோசேர்."

"என்னத்த?"

"கார் நிறுத்துற இடத்துல நடந்தத. அவ கைய பாரு, தோலு வெடிச்சுப் போயிருக்கு."

அவன் பிசினை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான். குரலில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை.

"சொன்னா அவ மறுபடி வீட்டுக்குள்ள பிடிப்பா. சமையக்கட்டுல வாசன வந்தா என்னால ஒரு நாள் தாங்க முடியாது, லியோன்ஸ். எலும்பு ஒட்டட்டும். அதுவரைக்கும் சும்மா இரு."

"அது வரைக்கும் அவ?"

"தெரியும்டா," என்றான்.

நான் சும்மா இருந்தேன். அவன் சொன்னதில் இருந்த கணக்கு எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பட்டாணி சூப் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று சொன்னதாக ஞாபகம்.

சோதனையில் நிகோடின் இல்லை. அக்டோபரில் இடுப்பெலும்பை எடுத்துக் கட்டைவிரலில் வைத்தார்கள். இடுப்பில் போட்ட வெட்டு பன்னிரண்டு நாளில் மூடியது. தையல் பிரித்த நர்ஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது சாதாரணம். ஜெர்மேன்தான் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, குனிந்து அந்தத் தழும்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் எடுத்த படத்தில் கறுப்புக் கோடு இல்லை. அந்த இடத்தில் எலும்பு சற்றுத் தடித்து, வெள்ளையாக இருந்தது. டாக்டர் ஹகோபியன் விரலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். மடங்க வேண்டிய இடத்தில் மட்டும் மடங்கியது. அவர் சிரித்தார். ரோசேர் நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டான். எனக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. காரைத் தேடிப் போகிற அவசரத்தில் அது நடக்கவில்லை.

காரில் ஏறியதும் ரோசேர் சொன்னான். முன் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் திரும்பாமல் சொன்னான்.

"ஜெர்மேன், அந்த விரலு உன்னால போகல. நான் கீழ போய்ப் பிடிச்சேன். அந்த ஞாயித்துக்கெழம. நாலு இழுப்பு."

நான் வண்டியை எடுத்தேன். பாங்கோர் ஊர் வரும்வரை, நாலு மணி நேரத்துக்குமேல், யாரும் பேசவில்லை. அங்கே பெட்ரோல் போட நிறுத்தினேன். ரோசேர் கழிப்பறைக்குப் போனான். ஜெர்மேன் கண்ணாடியை இறக்கினாள்.

"உக்கார வச்சுத் தள்ளிட்டுப் போனது யாரு? நீயா?"

"ஆமா."

"பத்த வச்சது?"

"நான்தான்."

"சரி," என்றாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அதற்குப்பின் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. ரோசேரிடம் பேசினாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் அவள் தங்கை வீட்டில், அக்கரையில், இருந்துவிட்டு வந்தாள். வந்த பிறகும் கராஜுக்குப் பின்னால் நின்றுதான் பிடித்தாள், அதே மேல்சட்டையோடு. இனி அவசியமில்லை என்று ரோசேர் சொல்லியிருக்கிறான். பழகிவிட்டது என்றாளாம். முன்பெல்லாம் என்னைக் கண்டால் பாக்கெட்டை நீட்டுவாள். அது நின்றுபோனது. நான் நீட்டினாலும் வாங்கமாட்டாள். மற்றபடி சாப்பிடச் சொல்வாள், என் மகளைப் பற்றி விசாரிப்பாள். எல்லாம் முன்போலத்தான்.

ரோசேர் திரும்ப ரம்பத்தில் நிற்கவில்லை. மில்லில் அவனை முற்றத்தில் போட்டார்கள். வருகிற சிடார் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, உள்ளே சொத்தையா இல்லையா என்று பிரிப்பது. வலது கையில் சுத்தியல், இடது கையில் குறி போடச் சுண்ணாம்புக் கட்டி. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே சுண்ணாம்பைப் பிடிக்கப் பழகிக்கொண்டான். ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றான். அவன் இடத்தில் வேறொருவன் வந்து எனக்கு எதிரில் நின்றான். நல்லவன்தான். அவன் முகம் இப்போது ஞாபகத்தில் இல்லை.

ரோசேர் அதற்குப்பின் சிகரெட்டைத் தொடவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. யாராவது விடுவது எப்படி என்று கேட்டால், "எனக்குத் தெரியாது," என்பான். நான் விடவில்லை. காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. அவன் பக்கத்தில் மட்டும் பிடிப்பதில்லை.

ஓய்வு பெற்ற மறு குளிர்காலம், நான் அவன் வீட்டில் இருந்தபோது, அவன் விறகடுப்பில் கட்டை போட்டுக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டே அடுப்பின் மேல்தகட்டில் இடது கையை ஊன்றினான். முதலில் எனக்கு வாசனைதான் வந்தது. ஜெர்மேன்தான் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். கட்டைவிரலின் அடிப்பக்கம் தோல் வெந்து சுருண்டிருந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவள் தினமும் காலையில் அவனைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்துக் கட்டுத்துணி மாற்றினாள். பழைய துணியை ஈரம் செய்து மெல்லப் பிரித்து, மருந்து தடவி, புதுத்துணி சுற்றுவாள். வலிக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மெல்லத்தான் பிரிப்பாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் உள்ளே வந்தது. மூன்றாவது வாரம் துணி தேவைப்படவில்லை.